கட்டுக்கு அந்தப் பக்கத்து ஊர்

என் கணவரை நான் முதலில் கவனித்தது அவருடைய கொலரில் ஒட்டியிருந்த ஒரு கீரை இலையால்தான். கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் நான் டைப்பிஸ்ட்டாக இருந்தேன். அவர் அதே கட்டடத்தில் கீழ்த்தளத்து ஸ்டோர்ஸ் கிளார்க். ஒரு நாள் காலை ஏதோ கையெழுத்து வாங்க மேலே வந்தார். வெள்ளை ஷர்ட், மடிப்புக் கலையாத கால்சட்டை, தண்ணீர் தொட்டு வாரிய தலை. கொலருக்குப் பின்னால் மட்டும் பச்சைப் பசேலென்று ஒரு கங்குங் இலை.

"உங்களுக்குப் பின்னால கீரை முளைச்சிருக்கு" என்றேன்.

அவர் கையைப் பின்னால் விட்டு எடுத்துப் பார்த்தார். வெட்கப்படுவார் என்று எதிர்பார்த்தேன். "நல்ல இலை. நேற்றுப் பின்னேரம் வெட்டினது" என்று சொல்லி, அதை என் டைப்ரைட்டருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பிறகுதான் தெரிந்தது. அவர் தினமும் விடியலில் சைக்கிளின் பின்னால் கீரைக் கட்டுகளை அடுக்கிக் கட்டிச் சந்தையில் இறக்கிவிட்டு, அங்கேயே பைப்பில் முகம் கழுவி, பையில் இருக்கும் வெள்ளை ஷர்ட்டை மாட்டிக்கொண்டு ஒஃபிசுக்கு வருகிறவர். அவருடைய ஊரில் எல்லா வீடும் கீரை வீடு. கிளார்க் வேலை கிடைத்தது என்பதற்காக யாரும் கீரையை விட்டுவிடவில்லை.

நாங்கள் கொட்டாஞ்சேனையில் இருந்தோம். அப்பா ரயில்வே கிளார்க். பெரியப்பா எங்களைவிட ஒருபடி மேலே. வெள்ளவத்தையில் கடல் தெரிகிற வீடு, வீட்டிலும் சப்பாத்துப் போடுகிற மனிதர். அவரிடம் கேட்காமல் எங்கள் வீட்டில் ஒரு கதிரைகூட இடம் மாறாது. இப்படிப்பட்ட குடும்பத்தில் நான் ஒரு நாள் அம்மாவிடம் குசினியில் வைத்து விஷயத்தைச் சொன்னேன்.

"ஆள் வேதக்காரர்தானே?"

"ஓம்."

"எங்க இருக்கினம்?"

"தோட்டத்தில."

அம்மா கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்துவிட்டார். கொட்டாஞ்சேனையில் தோட்டம் என்றால் மரமும் செடியும் இல்லை. ஒட்டி ஒட்டிக் கட்டிய லைன் வீடுகள், நடுவில் ஒரு தண்ணீர்ப் பைப், அந்தப் பைப்படியில் விடியவே தொடங்குகிற சண்டை, அதுதான் தோட்டம்.

"எத்தனை வீட்டுக்கு ஒரு பைப்?"

"அம்மா, இது உண்மையான தோட்டம். கீரைத் தோட்டம். ஆத்தங்கரையில."

"ஆத்தங்கரையிலயா?" என்றார் அம்மா. அது இன்னும் மோசம் போல இருந்தது அவருக்கு.

இடத்தைப் பார்க்காமல் ஒரு சொல் சொல்ல மாட்டேன் என்று அப்பா சொல்லிவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அப்பா, பெரியப்பா, நான் மூன்று பேரும் புறப்பட்டோம். பெண் போகிற வழக்கம் இல்லைதான். ஆனால் வழி தெரிந்தவள் நான் ஒருத்திதான். எப்படித் தெரியும் என்று நல்லவேளையாக யாரும் கேட்கவில்லை.

களனி ஆற்றுப் பாலத்தைக் கடந்து பேலியகொடையில் பஸ்ஸை விட்டு இறங்கி, களனிப் பக்கமாக ஆற்றை ஒட்டி நடந்தால் வெள்ளக் கட்டு வரும். ஆறு பெருகும்போது ஊர்கள் மூழ்காமல் இருக்க எழுப்பிய நீளமான மண்மேடு அது. அங்கே எல்லோரும் அதைக் கட்டு என்றே சொல்வார்கள். கட்டின் மேல் ஒரு காரோ லொறியோ போகலாம். அதன் ஒரு பக்கத்தில் கடைகள், கரண்ட், பஸ், பள்ளிக்கூடம். மறு பக்கத்தில் ஆறு. ஆற்றுக்கும் கட்டுக்கும் நடுவில் உள்ளங்கை போல ஒரு துண்டு நிலம். வெள்ளத்துக்கு விட்டுக்கொடுத்த அந்த நிலத்தில்தான் அவருடைய ஊர் இருந்தது. முப்பது நாற்பது வீடுகள் இருக்கும்.

அவர் அன்று சந்தைக்குப் போயிருந்தார். அந்த ஊர் அங்கே வந்த கதையை அவருடைய தகப்பனார்தான் எங்களுக்குச் சொன்னார். வெள்ளைக்காரன் காலத்தில் அது செங்கல் சூளை. மண் வெட்ட இந்தியாவிலிருந்து வந்த தமிழர்களும், அக்கம்பக்கத்துச் சிங்களவர்களும் ஒன்றாக வேலை செய்தார்கள். வெட்டக்கூடிய நல்ல களி முழுவதும் வெட்டி முடிந்ததும் முதலாளி சூளையை மூடிவிட்டுப் போய்விட்டான். வேலைக்காரர்கள் போகவில்லை. போக இடமும் இல்லை. களி வெட்டிய குழிகளில் மழைத் தண்ணீர் நின்றது. அதில் யாரோ கங்குங் தண்டைப் போட்டுப் பார்த்தார்கள். ஒரு மாதத்தில் குழி மூடிப் படர்ந்துவிட்டது. கரைகளில் வல்லாரையும் பொன்னாங்காணியும் வைத்தார்கள். கொழும்பில் பாதிப் பேர் மத்தியானம் சாப்பிடுகிற கீரைச் சுண்டல் அங்கிருந்துதான் போகிறது என்பது அந்த ஊர்க்காரர்களின் முடிவு.

"சுதந்திரத்துக்குப் பொறவு துரைமாருங்க வந்து, இது வெள்ளத்து நிலம், இங்க குடியிருக்க முடியாதுன்னு சொன்னாங்க" என்றார் மாமா. இப்போது அவரை மாமா என்கிறேன், அன்று அவர் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. "முடியாதுன்னா நாங்க எப்படி இருக்கோம்னு கேட்டோம். யோசிச்சாங்க. செவ்விளநீ வெட்டிக் குடுத்தோம். போகும்போது ஆளுக்கு ஒரு கட்டுக் கீரை எடுத்துட்டுப் போனாங்க. அதுக்குப் பொறவு கீரைக்காக மட்டும்தான் வாராங்க."

பெரியப்பா சிரிக்கவில்லை. அப்பாவின் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

மாமா எங்களை ஊரைச் சுற்றிக் காட்டினார். ஒவ்வொரு குழிக்கும் ஒரு பெயர் இருந்தது. எருமை விழுந்தது எருமைக் குழி. பாதிரியார் சைக்கிளோடு இறங்கியது சாமியார் குழி. ஆலமரத்தடியில் அந்தோனியார் சுரூபம், ஒரு புத்தர் படம், குங்குமம் வைத்த ஒரு கல் மூன்றும் ஒரே தகரக் கூரையின் கீழ் இருந்தன. வெள்ளம் வந்தால் மூன்றையும் தூக்கிக்கொண்டு ஓட வசதியாக ஒரே இடத்தில் வைத்திருக்கிறோம் என்றார் மாமா.

இரண்டு குழிகளுக்கு நடுவில் ஒற்றையடிக் கரை. அப்பா மாமாவின் பேச்சைக் கேட்டுக்கொண்டே வந்தார். ரயில்வேக்காரர் அல்லவா, கேள்வி கேட்பதில் ஆசை. "அப்ப இந்தத் தண்ணி எங்கால வருது?" என்று பக்கத்தில் திரும்பினார். திரும்பிய மனிதரைக் காணவில்லை. பச்சைக் கீரையில் ஒரு கறுத்த தொப்பி மட்டும் மிதந்தது.

ஆழம் இடுப்பளவுதான். ஆனால் அடியில் களி, காலை விடாது. மாமா ஒரு கை, பக்கத்து வீட்டுச் சிங்கள அக்கா ஒரு கை, நான் கோட்டின் பின்பக்கம் என்று பிடித்து இழுத்தோம். அப்பா வெளியே வந்தபோது மார்பு வரை கங்குங் சுற்றியிருந்தது, மாலை போட்டது போல. பெரியப்பா கரையில் நின்று, "நான் அப்பவே சொன்னனான்" என்றார். எப்போது சொன்னார் என்று எனக்குத் தெரியாது.

சிங்கள அக்கா அப்பாவைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய் வாளி வாளியாக ஊற்றினாள். "கமக் நே மாத்தயா, கமக் நே" என்றாள் ஒவ்வொரு வாளிக்கும். பரவாயில்லை ஐயா, பரவாயில்லை. அவளுடைய புருஷனின் சாரம் ஒன்றைக் கொடுத்தார்கள். அப்பாவை வீட்டுக்கு வெளியே சாரத்தோடு நான் பார்த்ததே இல்லை. அவர் அந்தக் கோடு போட்ட சாரத்தோடு மாமா வீட்டு விறாந்தையில் உட்கார்ந்து, சோறும் கங்குங் சுண்டலும் ஆற்று மீன் குழம்பும் சாப்பிட்டார். இரண்டாம் முறையும் சோறு வாங்கினார். மாமி போடப் போட வேண்டாம் என்று சொல்லவில்லை.

கட்டின் மேல் ஏறித் திரும்பி வரும்போது, கையில் ஈரக் கால்சட்டைப் பொட்டலத்தோடு அப்பா என்னைப் பார்த்தார்.

"நல்ல மனுசர்" என்றார். அவ்வளவுதான். பெரியப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்பா, "அண்ணை, பஸ் வருது" என்றார்.

அடுத்த வாரமே அந்தக் குழிக்குச் சம்பந்தி குழி என்று பெயர் வந்துவிட்டது. கல்யாணம் நிச்சயமாவதற்கு முன்னமே ஊர் எங்களை நிச்சயம் செய்துவிட்டது என்று இவர் ஒஃபிஸில் வந்து சொன்னார்.

கல்யாணம் மே மாதக் கடைசியில். காலையில் கொட்டாஞ்சேனையில் எங்கள் கோயிலில் பூசை, பிறகு பங்கு மண்டபத்தில் கேக்கும் வைனும், மத்தியானம் மாப்பிள்ளை வீட்டில் விருந்து என்று பேசி முடித்திருந்தோம். ஊரில் ஒரு வாரமாகப் பந்தல் போட்டார்கள். எல்லா வீட்டுக்காரரும் தென்னோலை கொண்டுவந்தார்கள். சிங்கள அக்காதான் தோரணத்துக்குப் பொறுப்பு.

கல்யாணத்தன்று கொழும்பில் நல்ல வெயில். நான் தலையில் நெட் போட்டு, கையில் பூச்செண்டோடு கோயில் வாசலில் நிற்கிறேன், மாப்பிள்ளையைக் காணவில்லை. அம்மா செபமாலையை உருட்டினார். பெரியப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து மூக்கால் மூச்சு விட்டார். கடைசியில் ஒரு லொறி வந்து நின்றது. பின்னாலிருந்து மாப்பிள்ளையும் மாமாவும் மாமியும் குதித்தார்கள். இவர் கோட்டும் டையும் போட்டிருந்தார். கால்சட்டை முழங்காலுக்கு மேலே சுருட்டியிருந்தது. சப்பாத்து கையில்.

சப்பாத்தை மாட்டிக்கொண்டு பீடத்தின் முன்னால் எனக்குப் பக்கத்தில் வந்து முழந்தாளிட்டார். ஆற்று நீரின் வாடை அடித்தது.

"என்ன நடந்தது?" என்றேன் உதடு அசையாமல்.

"மலைநாட்டில மழை. ராவோட ராவா ஆறு ஏறிட்டுது. வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி."

"பந்தல்?"

"போயிட்டுது."

"சாப்பாடு?"

"பயப்படாதேயும். எல்லாத்தையும் கட்டுக்கு மேல ஏத்திட்டம். ஆட்டையும்."

ஆட்டையும் என்று அவர் சொன்ன விதத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்க நெட் குலுங்கியது. நான் அழுகிறேன் என்று அம்மா பின்னால் அழத் தொடங்கினார். பாதிரியார் எங்கள் இருவரையும் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். அந்தப் பார்வையோடுதான் எங்களுக்குக் கல்யாணம் நடந்தது.

கேக் வெட்டியதும் விஷயம் பரவிவிட்டது. விருந்தைத் தள்ளிப்போடலாம் என்றார் பெரியப்பா. மாமிக்கு அது விளங்கவே இல்லை. "சோறு வெந்துக்கிட்டு இருக்குங்க. எப்படித் தள்ளிப்போடுறது?" என்றார். மூன்று காரும் அந்த லொறியுமாகப் புறப்பட்டோம். அம்மாவும் பெரியம்மாவும் லொறியின் முன்சீட்டில்.

கட்டின் மேல் வளைவு திரும்பியதும் நான் கண்ட காட்சியை இன்றைக்கும் யாராவது கேட்டால் எழுந்து நின்றுதான் சொல்வேன். ஊர் இருந்த இடம் முழுக்கச் சிவந்த தண்ணீர். கூரைகளும் பாதிச் சுவர்களும் தென்னைகளும் மட்டும் தெரிந்தன. ஊர் முழுவதும் கட்டின் மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தது. கட்டில்கள், தையல் மெஷின், கோழிக் கூடை, நாய்கள், தொட்டிலில் பிள்ளைகள். அந்தோனியாரும் புத்தரும் குங்குமக் கல்லும் ஒரு மேசையில், மேலே குடை. வெள்ளம் வரும்போது தண்ணீர் தடுக்காமல் ஓடட்டும் என்று வீட்டுக் கதவுகளைக் கழற்றி எடுத்துவிடுவது அங்கே வழக்கம். அந்தக் கதவுகளைச் செங்கல் மேல் நீளமாக அடுக்கி, வெள்ளைத் துணி விரித்து, எங்களுக்கு விருந்து மேசை போட்டிருந்தார்கள். தென்னோலையும் மிச்சமில்லை, சிங்கள அக்கா கொடிக் கயிற்றில் சீலைகளைத் தொங்கவிட்டுத் தோரணம் கட்டியிருந்தாள். எல்லா நிறத்திலும் சீலைகள், காற்றில் உப்பிக்கொண்டு.

லொறியிலிருந்து இறங்கிய அம்மா அசையாமல் நின்றார். பிறகு மெதுவாக, "இந்தப் பச்சைச் சீலை நல்லா இருக்கு. எங்க வாங்கினது?" என்று மாமியைக் கேட்டார்.

சோற்றுக் கிடாரம் பெரிய கல்லடுப்பில் கொதித்தது. ஆட்டுக் கறி, பருப்பு, வாழைக்காய்ப் பிரட்டல், கீரை மட்டும் இல்லை. "வாழ்க்கையில முதல் தடவையா நம்ம ஊரில கீரை இல்லாம ஒரு பந்தி" என்று யாரோ கத்த, எல்லோரும் கைதட்டினார்கள். கட்டுக்கு மறு பக்கத்தில் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா ஒரு தட்டம் வட்டிலப்பத்தைத் தலையில் வைத்துக்கொண்டு ஏறி வந்தார். வழியால் போன லொறிக்காரர்கள் நிறுத்தி இறங்கினார்கள். யாரையும் யாரும் யார் என்று கேட்கவில்லை. கதவுக்கு முன்னால் உட்கார்ந்தவனுக்கு இலை போட்டார்கள்.

சாப்பாடு முடிய ஒருவர் வயலினை எடுத்தார், இன்னொருவர் ரபான் மேளத்தை மடியில் வைத்தார். பைலா ஆட்டம் தொடங்கியது. முதலில் ஊர்க்காரர்கள் ஆடினார்கள். பிறகு லொறிக்காரர்கள். பிறகு சிங்கள அக்கா நேராகப் பெரியப்பாவிடம் போய்க் கையை நீட்டினாள். "என்ட மாத்தயா." வாங்க ஐயா.

பெரியப்பா சுற்றிலும் பார்த்தார். அவருக்குப் பின்னால் தண்ணீர், முன்னால் அவள். எழுந்தார். கோட்டைக் கழற்றி ஒழுங்காக மடித்துப் பெரியம்மாவிடம் கொடுத்தார். டையைக் கழற்றவில்லை. பிறகு ஆடினார் பாருங்கள்! முட்டியை மடித்து, தோளைக் குலுக்கி, டை காதுப் பக்கம் பறக்க. வெள்ளவத்தையில் யாருக்கும் தெரியாத ஒரு பெரியப்பா அவருக்குள் இருந்திருக்கிறார். "இளம் வயசில இவர் இப்பிடித்தான்" என்றார் பெரியம்மா எனக்குப் பக்கத்தில் நின்று, மூக்கைத் துடைத்துக்கொண்டு.

வெயில் சாய்கிற நேரத்தில் இவர் ஒரு மணல் வள்ளத்தைக் கட்டின் அடியில் கொண்டுவந்து நிறுத்தினார்.

"வாரும், வீட்டைக் காட்டுறன்."

கல்யாணச் சீலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினேன். கூரைகளுக்கு நடுவால் தள்ளிக்கொண்டு போனார். கதவில்லாத வாசல் வழியாக வள்ளத்தின் முன்பாதியை உள்ளே விட்டார். "இது முன்னறை. அது குசினி. உமக்குத் தையல் மெஷின் வைக்க அந்த ஜன்னலடி" என்று கையை நீட்டி நீட்டிக் காட்டினார். அந்த ஜன்னலடியில் ஒரு கெளுத்தி மீன் மெதுவாகத் திரும்பியது. சுவரில் பழைய வெள்ளங்களின் கறை கோடு கோடாக இருந்தது. தண்ணீருக்கு மேல் ஆகக் கீழே தெரிந்த கோட்டைக் காட்டி, அது அவர் பிறந்த வருஷம் என்றார். வீட்டுக்குள் என் வலது காலை வைத்துப் போக வழியில்லை. குனிந்து வலது கையைத் தண்ணீருக்குள் விட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது.

மூன்று நாலு நாளில் ஆறு வடிந்தது. அதுவரை ஊரோடு நாங்களும் கட்டின் மேல்தான். வடிந்த பிறகு எங்கும் ஒரு சாண் வண்டல், கரிய பாகு போல. ஊர்க்காரர்கள் அதைக் கையில் எடுத்து மோந்து பார்த்தார்கள், நல்ல பலகாரத்தைப் பார்ப்பது போல. அந்த மண்ணுக்காகத்தான் அவர்கள் வெள்ளத்தைத் திட்டாமல் இருந்தார்கள்.

ஆனால் வரப்பெல்லாம் அழிந்துவிட்டது. யாருடைய பாத்தி எங்கே என்று தெரியாது. அதைத் திரும்ப அளந்து பிரிக்க என்று ஒரு நாள் வைப்பார்கள். எல்லோரும் தும்புக் கயிறும் குச்சிகளுமாக வந்து கூடினார்கள்.

"இங்கதான் எங்க முருங்கை நின்னுச்சு."

"நே நே மல்லி, இல்லை தம்பி, முருங்கை அந்தப் பக்கம். நான் தினமும் முட்டிக்கொள்ளுறது."

பாதி தமிழ், பாதி சிங்களம், நடுவில் சிரிப்பு. சண்டை போலத்தான் கேட்கும். ஆனால் யாரும் கயிற்றைக் கீழே போடவில்லை. சிங்கள அக்கா ஒரு முனையை என் கையில் தந்தாள். "நங்கி, அல்லன்ட." தங்கச்சி, பிடி, விட்டுவிடாதே. முழங்கால் வரை சேற்றில் நின்று பிடித்துக்கொண்டேன்.

எல்லாக் குச்சியும் நட்டு முடிந்ததும் மாமா ஊரைப் பார்த்து, "புதுசா ஒரு ஆளு வந்திருக்கு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஒவ்வொரு வீட்டுக்காரரும் தங்கள் குச்சியைப் பிடுங்கி ஒரு சாண் தள்ளி நட்டார்கள். அடுத்தவர் இன்னும் ஒரு சாண். இப்படித் தள்ளித் தள்ளிக் கடைசியில் ஆற்றோரத்தில் ஒரு துண்டு நிலம் வெளியே வந்தது, யாருடையதும் இல்லாமல். அதுதான் என் பாத்தி. ஊருக்கு வருகிற மருமகளுக்கும் மருமகனுக்கும் அப்படித்தான் கொடுப்பார்களாம். கயிற்றைப் பிடித்தபடியே நின்றேன். விடச் சொல்லி இரண்டு முறை சொல்லவேண்டியிருந்தது.

நான் முதலில் வைத்த பொன்னாங்காணியை வாத்துகள் தின்றுவிட்டன. இரண்டாவது முறை வேலி கட்டி வைத்தேன், பிழைத்தது. ஒஃபிசுக்குப் போகும்முன் ஒரு தரம், வந்தபிறகு ஒரு தரம் போய்ப் பார்ப்பேன். டைப் அடித்த விரல்களில் மண் ஏறியதை மேலாளர் கண்டு, சுகமில்லையா என்று கேட்டார்.

அந்த ஊரில் எங்களுக்கு மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள். மூவரும் எழுதப் பழகுமுன் நீந்தப் பழகினார்கள். இதற்கிடையில் இலங்கைக் குடியுரிமை கிடைக்காத சில குடும்பங்களுக்கு இந்தியாவுக்குப் போகவேண்டி வந்தது. பெட்டிகளோடு கட்டின் மேல் நின்றவர்களை வழியனுப்பிய நாட்களில் அங்கே யாரும் அடுப்பு மூட்டவில்லை. அவர்களுடைய பாத்திகளை இரண்டு போகம் வரைக்கும் சும்மா விட்டு வைத்திருந்தோம், ஒருவேளை திரும்பிவிட்டால் என்று.

மூத்தவளுக்கு வெள்ளவத்தையில் பள்ளிக்கூடம் கிடைத்தபோது நாங்கள் அங்கே வாடகைக்கு வீடு எடுத்தோம். லொறியில் சாமான் ஏற்றியபின் கட்டின் மேல் நின்று நான் அழுதேன். பாதி ஊரும் என்னோடு நின்று அழுதது. இவர் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "எங்க போறம்? ரெண்டு பஸ் மாறினா வெள்ளவத்தை" என்று கத்தினார். அதுவும் சரிதான். அடுத்த ஞாயிறு பூசை முடிந்து பத்து மணிக்கெல்லாம் பிள்ளைகளோடு அங்கே போய் இறங்கினோம். மாமி உலையில் அரிசியைக் கூடுதலாகவே போட்டு வைத்திருந்தார்.